இரண்டு தலைமுறை பிராசசர்களை ஒப்பிடுவது எப்படி? நடுத்தர டெஸ்க்டாப் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புதுத் தலைமுறை பிராசசர் கடைக்கு வந்த கையோடு, முந்தைய தலைமுறையின் விலை இறங்க ஆரம்பிக்கும். முதல்முறை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களுக்குக் குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். புதியதை வாங்கலாமா, பழையதை வாங்கி மிச்சமாகும் பணத்தை வேறு பாகத்தில் போடலாமா? பழையதை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு வேறு கேள்வி: மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

யாரிடம் கேட்டாலும் ஏதாவது ஒரு மாடலின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அது உங்கள் வேலைக்கு ஒத்துவருமா என்று நீங்களே சரிபார்க்கக் கற்றுக்கொண்டால், அடுத்தடுத்த தலைமுறைகள் வரும்போதும் அந்த முறை கைகொடுக்கும். எடுத்துக்காட்டுக்கு ஏஎம்டியின் இரண்டு பிராசசர்களை வைத்துக்கொள்வோம்: 2020 நவம்பரில் வந்த ரைசன் 5 5600எக்ஸ், 2023 ஜனவரியில் வந்த ரைசன் 5 7600. இரண்டிலும் ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). இரண்டுக்கும் 65 வாட் என்றே போட்டிருக்கும். இரண்டுக்கும் டப்பாவிலேயே கூலர் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

முதல் படி: இப்போது எங்கே திணறுகிறது?

பிராசசர்களின் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இது. ஆனால் பணம் வீணாகாமல் காப்பாற்றுவதும் இதுதான்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே பெரிய கட்டம் போய், த்ரெட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். இப்போது உங்களுக்கு மெதுவாகத் தோன்றும் வேலையை ஓட விடுங்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு த்ரெட் உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடினாலும், மொத்தப் பயன்பாடு சுமார் 8 சதவீதம் என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு 'பிராசசர் சும்மாதானே இருக்கிறது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த மென்பொருள் ஒரே த்ரெட்டை நம்பி ஓடுகிறது, அந்த ஒன்றின் வேகம் போதவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். விண்டோஸ் வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், ஒரே கட்டம் விடாமல் உச்சியில் நிற்காது. ஒன்று இறங்கும்போது வேறொன்று ஏறும். அப்படித் தெரிந்தால் உங்களுக்கு வேண்டியது ஒற்றைக் கோர் வேகம். பன்னிரண்டு கட்டமும் நிரம்பி வழிந்தால் வேண்டியது கூடுதல் கோர்கள்.

சிபியு கட்டங்கள் அமைதியாக இருந்து, மெமரி நிரம்பியிருந்தால் ராம் சேர்ப்பதுதான் மருந்து. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், அதுவும் அது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், எஸ்எஸ்டி போட்டால் போதும். எந்தத் தலைமுறை பிராசசரும் இந்த இரண்டையும் சரிசெய்யாது.

கேம் ஆடுபவர்கள் இன்னொரு சோதனையும் செய்யலாம். எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படங்கள்) வரம்பு, விசிங்க் (திரையின் வேகத்தோடு படங்களைப் பொருத்தும் அமைப்பு) எதுவும் ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். அப்புறம் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் இதுவரை தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அங்கேயே நின்றால் தடை பிராசசர் பக்கம்.

இரண்டாம் படி: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

ரைசன் 5 7600 என்பதில் '5' அடுக்கைச் சொல்கிறது, அதாவது நடுத்தரம். '7' வரிசையைச் சொல்கிறது, '600' அந்த வரிசைக்குள் அதன் இடத்தை. கடைசியில் வரும் எழுத்துகளும் முக்கியம். ஏஎம்டியில் ஜி என்றால் வலுவான உள் கிராபிக்ஸ் உண்டு. எக்ஸ்3டி என்றால் கூடுதல் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). இன்டெலில் எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை, கே என்றால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டலாம்.

எண் பெரிதாக இருந்தால் புதிது, புதிது என்றால் வேகமானது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது பல இடங்களில் சறுக்கும். ரைசன் 5 8600ஜி 2024இல் வந்தது. 7600ஐவிட எண் பெரிது; ஆனால் உள்ளே இருப்பது அதே ஜென் 4 வடிவமைப்பு, எல்3 கேஷோ பாதி: 7600இல் 32 எம்பி, 8600ஜியில் 16 எம்பி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட்டுபவருக்கு 8600ஜி அருமையான தேர்வு. தனிக் கார்டு போட்டு கேம் ஆடப் போகிறவருக்கு 7600தான் சரி.

இன்டெல் பக்கம் இதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது. 12ஆம் தலைமுறை ஐ5-12600கே, 13ஆம் தலைமுறை ஐ5-13400, 13ஆம் தலைமுறை ஐ5-13600கே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இன்டெலின் விவரப் பக்கத்தில் மொத்த எல்2 கேஷ் என்று ஒரு வரி இருக்கும். 12600கேக்கு 9.5 எம்பி. 13600கேக்கு 20 எம்பி. 13400க்கு? அதே 9.5 எம்பி. பெயரில் 13 இருந்தாலும் 13400இன் கோர்கள் 12ஆம் தலைமுறை அமைப்பில்தான் இருக்கின்றன என்பதை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடுகிறது. 13400 மோசமான பிராசசர் என்று சொல்ல வரவில்லை. அதற்கு முந்தைய தலைமுறை ஐ5-12400இல் ஆறு கோர்தான். 13400இல் அந்த ஆறோடு நான்கு சிறிய கோர்களும் சேர்ந்திருப்பதால், பல த்ரெட் வேலைகளில் அது உண்மையாகவே முந்துகிறது. ஆனால் ஒற்றைக் கோர் வேகத்தில் ஒரு தலைமுறைப் பாய்ச்சலை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும்.

மூன்றாம் படி: கிகாஹெர்ட்ஸைத் தாண்டிப் பாருங்கள்

5600எக்ஸின் உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ், 7600இன் உச்ச வேகம் 5.1. வித்தியாசம் சுமார் 11 சதவீதம். ஆனால் இதோடு கணக்கு முடியவில்லை. கிணற்றில் இருவர் நீர் இறைக்கிறார்கள் என்றால், நிமிடத்துக்கு எத்தனை முறை இறைக்கிறார்கள் என்பதோடு வாளி எவ்வளவு பெரிது என்பதையும் பார்க்க வேண்டும். கிகாஹெர்ட்ஸ் முதலாவதைச் சொல்கிறது. இரண்டாவதற்குப் பெயர் ஐபிசி, ஒரு துடிப்பில் பிராசசர் முடிக்கும் வேலையின் அளவு. தலைமுறை மாறும்போது உண்மையில் மாறுவது பெரும்பாலும் இதுதான்.

ஜென் 2இலிருந்து ஜென் 3க்கு வந்தபோது ஐபிசி சராசரியாக 19 சதவீதம் கூடியதாக ஏஎம்டி அறிவித்தது. ஜென் 3இலிருந்து ஜென் 4க்கு 13 சதவீதம். 5600எக்ஸ் ஜென் 3, 7600 ஜென் 4; ஆகவே இரண்டாவதை நம் ஜோடிக்குப் போட்டுப் பார்ப்போம்: 1.11ஐ 1.13ஆல் பெருக்கினால் சுமார் 1.25. அதாவது ஒற்றைக் கோர் வேலையில் 7600 ஏறக்குறைய 25 சதவீதம் வேகம். தயாரிப்பாளர் சொல்லும் சராசரியை வைத்துப் போட்ட காகிதக் கணக்கு இது. மென்பொருளுக்கு மென்பொருள் ஏறும், இறங்கும். எதை எதிர்பார்க்கலாம் என்று ஓர் அளவு மனதில் இருக்க இது போதும்.

25 சதவீதம் வேகம் என்றால் நேரம் 25 சதவீதம் குறையும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பத்து நிமிடம் ஆகும் வேலை, 10ஐ 1.25ஆல் வகுத்தால், எட்டு நிமிடத்தில் முடியும். மிச்சம் இரண்டு நிமிடம், அதாவது 20 சதவீதம். அந்த வேலையை ஒரு நாளைக்கு இருபது முறை செய்பவருக்கு அது பெரிய விஷயம். வாரத்துக்கு ஒரு முறை என்றால் மாற்றியதே நினைவிருக்காது.

கேஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடிக்கடி தேவைப்படும் தரவை ராம் வரை போய் எடுக்காமல் கோர்களின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் நினைவகம் அது. கேம்களுக்கு இதன் பலன் அதிகம். 2019இல் வந்த ரைசன் 5 3600இலும் எல்3 கேஷ் 32 எம்பி, அடுத்து வந்த 5600எக்ஸிலும் 32 எம்பி. விவரப் பட்டியலில் ஒரே எண். ஆனால் 3600இல் அது 16, 16 என்று இரண்டு துண்டாக, துண்டுக்கு மூன்று கோராகப் பிரிந்திருந்தது. 5600எக்ஸில் ஆறு கோர்களும் 32 எம்பியையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். கேம்களில் 5600எக்ஸ் அவ்வளவு முன்னால் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எண்கள் ஒன்றாக இருந்தால் உள்ளிருப்பதும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம்.

நான்காம் படி: கூட வரும் பாகங்களையும் சேர்த்து எண்ணுங்கள்

என்னைக் கேட்டால் ஒப்பீட்டின் பாதி இங்கேதான் இருக்கிறது. பிராசசரைத் தனியாக யாரும் வாங்க முடியாது. அதோடு மதர்போர்டும் ராமும் சேர்ந்தே வரும்.

5600எக்ஸ் உட்காரும் சாக்கெட் (போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடம்) ஏஎம்4, ராம் டிடிஆர்4. 7600க்கு ஏஎம்5, ராம் டிடிஆர்5 மட்டுமே. பழைய டிடிஆர்4 குச்சிகள் டிடிஆர்5 இடத்தில் நுழையவே நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. ஆக, ஏஎம்4 வைத்திருப்பவர் 7600க்குப் போனால் பிராசசர், போர்டு, ராம் மூன்றையும் மாற்ற வேண்டும். விலைகளை ஒப்பிடும்போது மூன்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு பிராசசர்களின் விலையை மட்டும் பார்த்து 'கொஞ்சம்தானே கூட' என்று கிளம்புபவர்கள், பில் போடும் இடத்தில் திகைத்து நிற்பது இதனால்தான்.

இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் ஒரே எல்ஜிஏ1700 சாக்கெட்டில் உட்காரும். போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. 12400 வைத்திருப்பவர் அதே போர்டில் 13ஆம் தலைமுறைக்கு ஏறலாம், பயாஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருளை) முதலில் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

கூலர் விஷயத்தில் ஏஎம்டி கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறது. ஏஎம்4 போர்டோடு வரும் பின்தகட்டையே பயன்படுத்தும் கூலர்கள் ஏஎம்5இலும் பொருந்தும். தனக்கென்று சொந்தப் பின்தகடு கேட்கும் கூலர்கள் பொருந்தாது. ஏஎம்5 போர்டில் பின்தகடு சாக்கெட்டோடு பிணைந்திருக்கிறது.

உள் கிராபிக்ஸையும் பாருங்கள். 5600எக்ஸில் அது கிடையாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது. 7600இல் சிறியதாக ஒன்று இருக்கிறது. கேம் ஆட உதவாது, ஆனால் அலுவலக வேலைக்கும் வீடியோ பார்ப்பதற்கும் தாராளம். கார்டு பழுதாகிவிட்டால் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவும் கம்ப்யூட்டர் ஓடும். கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐஇயின் பதிப்பு வித்தியாசத்தைப் பற்றி நடுத்தரக் கார்டு வாங்குபவர் இந்த ஜோடியில் கவலைப்பட வேண்டியதில்லை.

மின்சாரமும் சூடும்

இரண்டின் மேலும் 65 வாட் என்றிருந்தாலும், சாக்கெட் வழியாக இழுக்க அனுமதிக்கப்பட்ட அளவு 5600எக்ஸுக்கு 76 வாட், 7600க்கு 88 வாட். இதன் அண்ணன் 7600எக்ஸுக்கு 105 வாட் என்று போட்டிருக்கும், அனுமதியோ 142 வரை. அந்த 7600எக்ஸ் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போவது கோளாறு இல்லை. அதுவரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அமைதியான கம்ப்யூட்டர் வேண்டும் என்பவருக்கு எக்ஸ் இல்லாத 7600ஐத்தான் நான் சொல்வேன். இன்டெலில் 'பேஸ் பவர்' என்ற எண்ணோடு 'மேக்ஸிமம் டர்போ பவர்' என்ற எண்ணையும் பாருங்கள்: 12400க்கு 65, 117. 13600கேக்கு 125, 181. கூலரைத் தேர்ந்தெடுக்க இரண்டாவது எண்தான் உதவும்.

ஐந்தாம் படி: பெஞ்ச்மார்க்கை எப்படிப் படிப்பது

பிராசசர் விமர்சனங்களில் கேம் சோதனைகளைப் பெரும்பாலும் 1080பி ரெசல்யூஷனில், சந்தையிலேயே வேகமான கிராபிக்ஸ் கார்டை வைத்துச் செய்வார்கள். அது சரியான முறைதான். கார்டு தடையாக இல்லாதபோதுதான் பிராசசர்களுக்கு இடையிலான வித்தியாசம் வெளியே தெரியும். ஆனால் உங்களிடம் இருப்பது நடுத்தரக் கார்டு, ஆடுவது 1440பியில் என்றால், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி உங்கள் மேசைக்கு வந்து சேராது. 4கேயில் ஏறக்குறைய மறைந்தே போகலாம். ஆகவே விமர்சனத்தில் காட்டும் இடைவெளியை 'அதிகபட்சம் இவ்வளவு' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சராசரி எஃப்பிஎஸ்ஸோடு 'ஒரு சதவீத லோ' என்ற எண்ணையும் தேடுங்கள். ஆட்டத்தின் மிக மெதுவான கணங்கள் எப்படி இருந்தன என்று அது சொல்லும். சராசரி ஒன்றாகவே இருந்து இந்த எண் மட்டும் கூடியிருந்தால்கூட, திக்கித் திணறுவது குறைந்து ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், 140 எஃப்பிஎஸ்ஸுக்கும் 180க்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு வேண்டாத ஒன்று; லோ எண் 60க்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளின் மதிப்பெண்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே பதிப்பா என்று உறுதிசெய்யுங்கள். ஆர்23 மதிப்பெண்ணும் 2024 பதிப்பின் மதிப்பெண்ணும் வேறு வேறு அளவுகோல். ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவே கூடாது. அதே மாதிரி, சோதனையில் எந்த ராம் போட்டார்கள் என்றும் பாருங்கள். 5600எக்ஸுக்கு டிடிஆர்4-3600ம், 7600க்கு டிடிஆர்5-6000ம் பொருத்தமான வேகங்கள். ஒன்றுக்கு நல்ல ராம், மற்றொன்றுக்கு மெதுவான ராம் போட்டு ஒப்பிட்டிருந்தால் அந்த முடிவை ஒதுக்கிவிடலாம்.

எல்லாவற்றையும்விட உங்கள் மென்பொருளிலேயே எடுத்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். வீடியோ எடிட் செய்பவர் தன் வழக்கமான ஒரு கோப்பை ஏற்றுமதி செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். கோட் எழுதுபவர் முழு பில்டுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்கலாம். பிளெண்டர் பயன்படுத்துபவர் தன் காட்சியையே ரெண்டர் செய்து பார்க்கலாம்.

ஆறாம் படி: யாருக்கு எது?

5600எக்ஸோ அதற்கு நிகரானதோ கையில் இருக்கிறது, கேம்தான் முக்கிய வேலை என்றால், 7600க்குத் தாவ நான் சொல்ல மாட்டேன். அதே ஏஎம்4 போர்டில் உட்காரும் 5800எக்ஸ்3டி அல்லது 5700எக்ஸ்3டி கிடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் எட்டு கோர், 96 எம்பி எல்3 கேஷ். போர்டும் ராமும் அப்படியே இருக்கும்; பயாஸைப் புதுப்பித்து பிராசசரை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. டப்பாவில் கூலர் வராது, நல்ல கூலராகப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

2017இன் முதல் ரைசன்களில் ஒன்றை வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அந்தப் பிராசசர்கள் இல்லை. அவருடைய போர்டுக்குப் புதிய பயாஸ் இருந்தால் 5600 வகையைப் போட்டு இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். போர்டின் தளத்தில் சிபியு ஆதரவுப் பட்டியலைப் பார்க்காமல் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

ஒன்றுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர், மொத்தக் கூட்டுத்தொகையில் பெரிய இடைவெளி இல்லையென்றால் ஏஎம்5க்கே போகலாம். ஜென் 5 பிராசசர்களும் அதே சாக்கெட்டில் உட்காருகின்றன. 2027க்கு அப்புறமும் சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இடைவெளி பெரிதாக இருந்து, அந்தப் பணத்தில் கிராபிக்ஸ் கார்டு ஒரு படி ஏறும் என்றால், கேம் ஆடுபவர் பழைய தலைமுறையை வாங்கிக் கார்டில் பணத்தைப் போடுவதே மேல்.

பழைய தலைமுறையைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? ஏஎம்4 பிராசசரில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். ஒன்றுகூட வளைந்திருக்கவில்லை என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஐ5-13600கே போன்ற இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்களில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலையாமைப் பிரச்சினை வந்து, 2024இல் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தம் மேற்கொண்டு கெடாமல் தடுக்கும்; ஏற்கெனவே கெட்டதைச் சரியாக்காது. அதனால் அவற்றைப் பழையதாக வாங்குவதென்றால், வாரன்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கனமான வேலை ஒன்றை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மாற்றிய பிறகு

ஏஎம்4இல் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்க வேண்டாம். தெர்மல் பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை மெல்ல இடம் வலமாகத் திருகி எடுங்கள்.

ஏஎம்5இல் முதல் முறை ஆன் செய்தால் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். விசிறி ஓடும், விளக்கு எரியும், படம் வராது. போர்டு டிடிஆர்5 ராமைப் பழக்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. பயந்து போய் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். காத்திருங்கள்.

படம் வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். டிடிஆர்4 போர்டில் அது எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்ற பெயரில் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் 6000 என்று வாங்கிய ராம் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைத் திறந்து, வேகம் என்ற வரியைப் பாருங்கள். 6000 என்றிருந்தால் சரி. 4800 என்றிருந்தால் எக்ஸ்போ இன்னும் ஆன் ஆகவில்லை, மறுபடி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு, மாற்றுவதற்கு முன்னால் நேரம் குறித்துவைத்த அதே கோப்பை, அதே பில்டை மீண்டும் ஓட்டி, இரண்டு நேரத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.